ஸ்டான்ஃபோர்டின் கூல் கம்பைலர் கோர்ஸ்: டெல்டா மாணவர்கள் எடுக்கலாமா?

எட்எக்ஸ் தளத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் வைத்திருக்கும் 'கம்பைலர்ஸ்' கோர்ஸைப் பற்றிய மதிப்புரை இது. நடத்துபவர் பேராசிரியர் அலெக்ஸ் எய்க்கன். கோர்ஸின் உயிர் வீடியோவில் இல்லை, கூடவே வரும் ப்ராஜெக்டில் இருக்கிறது. கூல் என்ற சின்ன ஆப்ஜெக்ட் ஓரியண்டட் மொழிக்கு மாணவரே முழுக் கம்பைலர் (ப்ரோகிராமைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் கோடாக மாற்றும் மென்பொருள்) எழுதி, மிப்ஸ் ப்ராசஸருக்கான அசெம்பிளி கோட் வரை கொண்டுவந்து, அந்த ப்ராசஸரைப் போலவே இயங்கும் ஸ்பிம் சிமுலேட்டரில் ஓட்டிக் காட்ட வேண்டும். வகுப்பறைக்கென்றே எய்க்கன் 1990-களின் நடுவில் பெர்க்லியில் இருந்தபோது வடிவமைத்த மொழி அது. கோர்ஸ் முதலில் 2012-ல் கோர்ஸெராவில் வந்தது, பிறகு ஸ்டான்ஃபோர்டின் சொந்தத் தளமான லகுனிடாவில் இருந்தது, இப்போது எட்எக்ஸில் அவரவர் வேகத்தில் படிக்கும்படி கிடைக்கிறது.

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் கம்பைலர் டிசைன் 5-ஆவது செமஸ்டரில் வருகிறது, பாடக் குறியீடு சிஎஸ்3501. லேபும் அதற்குள்ளேயே. லெக்ஸ் என்ற கருவியில் டோக்கன் (மொழியின் தனித்தனிச் சொற்கள்) பிரிப்பது, யாக் என்ற இலக்கணக் கருவியில் கால்குலேட்டர், மூன்று முகவரிக் குறியீடு என்ற இடைநிலை வடிவம், டைப் செக்கிங், 8086-க்குக் கோட் எழுதித் தரும் பின்முனை என்று தனித்தனி எக்சர்சைஸ்கள். ஒன்றின் வெளியீடு அடுத்ததற்கு உள்ளீடாகப் போயே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. கூலில் அந்தக் கட்டாயத்திலிருந்து தப்பவே முடியாது. லெக்சரில் (டோக்கன் பிரிக்கும் முதல் கட்டம்) வரி எண்ணைத் தப்பாக எண்ணினால், மூன்று கட்டம் தாண்டி, ப்ரோகிராம் ஓடும்போது வரும் 'வாய்டு மேல் டிஸ்பேட்ச்' (இல்லாத ஆப்ஜெக்டின்மேல் மெத்தட் கூப்பிட்டது) என்ற பிழைச்செய்தியில் அந்தத் தப்பு வந்து நிற்கும். லேப் ரெக்கார்டு நோட்டில் கிடைக்காத பாடம் அதுதான்.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். தாராளமாக எடுக்கலாம், ஆனால் ஐந்தாவது, அதாவது கடைசி அசைன்மென்ட்டை முடிக்கும் எண்ணம் இருந்தால் மட்டும். முதல் மூன்றோடு நிறுத்துகிறவருக்குக் கல்லூரி லேபே போதும்.

என்னென்ன கிடைக்கிறது? வீடியோ பாடங்கள், வினாக்கள், ஐந்து ப்ரோகிராமிங் அசைன்மென்ட்கள், நம் வேலைக்கு மார்க் போடும் பெர்ல் ஸ்கிரிப்ட்கள், எல்லாம் நிறுவித் தயாராக இருக்கும் விர்ச்சுவல் மெஷின், பிறகு மூன்று ஆவணங்கள். அந்த மூன்றில் கூல் மேனுவல்தான் அசல் சரக்கு. சுமார் 30 பக்கம். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள். அதன் பின்பாதியில் டைப் விதிகளும் செயல்பாட்டு விதிகளும் கோட்டுக்கு மேலே நிபந்தனை, கோட்டுக்குக் கீழே முடிவு என்ற வடிவில் இருக்கும். பார்த்தவுடன் கணக்குப் பேப்பர் மாதிரி மிரட்டும். ஆனால் ஒவ்வொரு விதியும் நீங்கள் எழுதப்போகும் ஒரு ஃபங்ஷன். மேலே உள்ள நிபந்தனைகளை வரிசையாக அப்படியே ப்ரோகிராமாக எழுதினால் பாதி வேலை முடிந்தது. வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் தள்ளிவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. மேனுவலை மேலோட்டமாகப் பார்த்தவர்கள்தான் நாலாவது அசைன்மென்ட்டில் கவிழ்கிறார்கள்.

முதல் தடை ப்ரோகிராமிங்கில் வராது, சாஃப்ட்வேரை நிறுவும்போதே வரும். நம்முடையதோடு ஒப்பிட அவர்கள் கூடக் கொடுக்கும் கம்பைலர் 32-பிட் லினக்ஸ் பைனரி (நேராக ஓடும் ஃபைல்). விர்ச்சுவல் மெஷினும் அதே வயதுடைய பழைய லினக்ஸ்தான், விர்ச்சுவல்பாக்ஸில் ஓடும். லேப் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் பயோஸில் விர்ச்சுவலைசேஷன் அணைத்தே கிடக்கும். விர்ச்சுவல்பாக்ஸ் 6.1-லிருந்து அந்த வன்பொருள் வசதி இல்லாமல் எந்த மெஷினும் கிளம்பாது. லேப் அசிஸ்டென்ட்டிடம் முதல் வாரமே சொல்லித் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சொந்த விண்டோஸ் லேப்டாப் என்றால், விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் கீழ்ப்பட்டையில் பச்சை ஆமைப் படம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பின்னால் ஹைப்பர்-வி (விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதி) ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மெஷின் பெயருக்கேற்றபடி நகரும்.

இதைவிட உருப்படியான வழி டபிள்யுஎஸ்எல் 2-ல் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் வசதி) உபுண்டு போட்டுக்கொள்வது. டபிள்யுஎஸ்எல் 1 வேண்டாம், அதில் 32-பிட் பைனரி ஓடாது. ஐ386 ஆர்க்கிடெக்சரைச் சேர்த்து, 32-பிட் சி லைப்ரரியும் சி++ லைப்ரரியும் போட வேண்டும். கூடவே ஃப்ளெக்ஸ், பைசன் (லெக்ஸ், யாக்கின் புதிய வடிவங்கள்), பில்ட்-எசென்ஷியல், சி ஷெல். கடைசியாகச் சொன்னதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நம் லெக்சரையும் பார்சரையும் கோத்து ஓட்டும் சின்னச் சின்ன ஸ்கிரிப்ட்கள் சி ஷெல்லில் எழுதப்பட்டவை. அது இல்லாவிட்டால் 'பேட் இன்டர்ப்ரெட்டர்' என்று வரும், மாணவர் தன் கோடில் தப்பு இருப்பதாக நினைத்துத் தேடிக்கொண்டிருப்பார். புதிய ஜி++ கம்பைலர் ஸ்ட்ரிங் மாறிலிகள் பற்றி வார்னிங்காகக் கொட்டும். துணைக் கோடு பழசு என்பதால் வருவது, பொருட்படுத்த வேண்டாம். எம் வரிசை சிப் உள்ள மேக்கில் இந்த பைனரிகள் நேராக ஓடாது. முழு எமுலேஷன் போட்டு மல்லுக்கட்டுவதைவிட நண்பரின் விண்டோஸ் லேப்டாப்பில் உட்காருவது மேல்.

கோட் ஃபைல்களை விண்டோஸ் ஃபோல்டரில் வைக்காமல் லினக்ஸ் பக்கத்து ஹோம் ஃபோல்டரிலேயே வையுங்கள். வேகம் ஒரு காரணம். இன்னொன்று, நோட்பேடில் திருத்திய டெஸ்ட் ஃபைலில் வரி முடிவில் கேரியேஜ் ரிட்டர்ன் என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்து சேர்ந்துவிடலாம். கூலில் வெற்றிடம் என்பது ஆறு எழுத்துகள்: ஸ்பேஸ், டேப், நியூலைன், ஃபார்ம் ஃபீட், கேரியேஜ் ரிட்டர்ன், வெர்ட்டிகல் டேப். லெக்சர் எழுதுபவர்கள் முதல் மூன்றை எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள். அப்புறம் அந்த நோட்பேட் ஃபைலில் வரிக்கு ஒரு பிழை.

இனி அசைன்மென்ட்கள். முதலாவது, கூல் மொழியிலேயே ஒரு சின்ன ஸ்டாக் (மேலே வைத்து மேலிருந்தே எடுக்கும் அடுக்கு) மெஷின் எழுதுவது. எண் வந்தால் ஸ்டாக்கில் வை, + வந்தால் அதையும் வை, மதிப்பிடச் சொல்லும் எழுத்து வந்தால் மேலே இருப்பதைப் பார்த்துக் கூட்டு, அவ்வளவுதான். ஒரு வார இறுதிக்கு மேல் தேவையில்லை. கூலில் அர்ரே இல்லை, 'ஒன்றும் இல்லை' என்று குறிக்கும் நல் (null) என்ற சொல்லும் இல்லை, வாய்டு வேண்டுமென்றால் ஒரு மாறியை மதிப்புத் தராமல் அறிவிக்க வேண்டும் என்பதெல்லாம் பழகிப்போனால் அதுவே போதும்.

இரண்டாவது லெக்சர். ஃப்ளெக்ஸ் தெரிந்தவருக்குச் சுலபம் என்று தோன்றும், மார்க் போவது ஓரங்களில்தான். (* *) கமென்ட் ஒன்றுக்குள் ஒன்று வரலாம், ஆழத்தை எண்ணிக்கொண்டே போக வேண்டும். கமென்ட் திறக்காமலே *) வந்தால் அதற்குத் தனிப் பிழை, அதை * ஒரு டோக்கன், ) ஒரு டோக்கன் என்று விடக்கூடாது. கீவேர்டுகளில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் இல்லை. ட்ரூ, ஃபால்ஸ் இரண்டுக்கு மட்டும் முதல் எழுத்து சிறியதாக இருந்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் அது கிளாஸ் பெயர். ஸ்ட்ரிங் மாறிலி 1024 எழுத்து வரைதான். பஃபரை 1025 என்று வைத்து, எஸ்கேப்பை (பேக்ஸ்லாஷ் சேர்த்து எழுதுவதை) பிரித்த பின் வரும் நீளத்தைச் சோதியுங்கள், மூல ஃபைலில் தெரியும் நீளத்தை அல்ல. ஸ்ட்ரிங்கின் நடுவில் பேக்ஸ்லாஷ் இல்லாமல் வரி முடிந்தால், பிழையைச் சொல்லிவிட்டு அடுத்த வரியின் தொடக்கத்திலிருந்து வழக்கம்போல் டோக்கன் பிரிக்க வேண்டும். பேக்ஸ்லாஷ் போட்டு வரி மடிக்கப்பட்டிருந்தால் அது சரி, ஆனால் வரி எண்ணை ஒன்று கூட்ட வேண்டும். மேலே சொன்ன வரி எண் வியாதி பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

ஸ்ட்ரிங்குக்குள் தமிழ் போடலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். போடலாம், ஆனால் கூலுக்குத் தெரிந்தது பைட் மட்டும். 'நெல்' என்று எழுதினால் யுனிகோடில் நான்கு குறிகள் (ந, எகரக் குறி, ல, புள்ளி), யுடிஎஃப்-8-ல் ஒவ்வொன்றும் 3 பைட். நீளம் கேட்டால் 12 என்று வரும். சப்ஸ்ட்ரிங் எடுக்கும்போது மூன்றின் மடங்கில் வெட்டாவிட்டால் திரையில் கேள்விக்குறிப் பெட்டி தெரியும்.

மூன்றாவது பார்சர், டோக்கன்களை இலக்கணப்படி மரமாக அடுக்கும் கட்டம். பைசனில் எழுதுவது. இந்த மொழியை வடிவமைத்தவருக்கு மாணவர்மேல் கருணை உண்டு என்பதற்கு அத்தாட்சி இங்கே இருக்கிறது: இஃப் என்று தொடங்கினால் எல்ஸ் கட்டாயம், முடிவில் ஃபி கட்டாயம். எந்த எல்ஸ் எந்த இஃபுக்கு என்ற 'தொங்கும் எல்ஸ்' தகராறே கிடையாது. உண்மையான சிக்கல், உள்ளூர் மாறியை அறிவிக்கும் லெட். லெட்டின் உடல் வலப்பக்கம் எவ்வளவு தூரம் போகமுடியுமோ அவ்வளவு தூரம் போக வேண்டும். அதனால் பின்னால் + வந்தால் லெட்டை முடிப்பதா, உள்ளே இழுப்பதா என்று பைசன் திணறி ஷிஃப்ட்-ரெட்யூஸ் கான்ஃப்ளிக்ட் சொல்லும். லெட் விதிக்கு எல்லா ஆபரேட்டரையும்விடக் குறைந்த முன்னுரிமை கொடுத்தால் தீரும். முன்னுரிமை அறிவிப்புகளை இந்த ஒரு இடத்துக்கும் ஆபரேட்டர்களுக்கும் மட்டும் வையுங்கள். கான்ஃப்ளிக்ட் வரும் இடத்திலெல்லாம் முன்னுரிமையைத் தூவி வாயடைத்தால், தப்பான மரம் சத்தமில்லாமல் கட்டப்பட்டு அடுத்த அசைன்மென்ட்டில்தான் தெரியும். <, <=, = மூன்றும் சேர்க்கை அற்றவை; எ < பி < சி என்பதைப் பார்சர் மறுக்க வேண்டும். பெறுநர் (எந்த ஆப்ஜெக்டின்மேல் கூப்பிடுகிறோமோ அது) இல்லாமல் மெத்தட் பெயர் மட்டும் வந்தால், செல்ஃப் (நடப்பு ஆப்ஜெக்ட்) என்ற கணுவை நீங்களே சேர்த்து டிஸ்பேட்ச் ஆக்க வேண்டும்.

நாலாவதில்தான் கோர்ஸ் தன் விலையைக் கேட்கிறது. செமான்டிக் அனலைசர், பெயர்களும் டைப்களும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் கட்டம். எலும்புக்கூடாகக் கொடுக்கும் கோட் மிகக் குறைவு, எப்படிப் பிரித்து எழுதுவது என்பது முழுக்க உங்கள் பாடு. குறைந்தது மூன்று சுற்று போடுங்கள். முதல் சுற்றில் கிளாஸ்களைச் சேர்த்து இன்ஹெரிட்டன்ஸ் மரம் கட்டுவது: ஒரே பெயரில் இரண்டு கிளாஸ், இல்லாத பெற்றோர், இன்ட், ஸ்ட்ரிங், பூல் மூன்றிலிருந்து பெறுவது, சுழற்சி எல்லாவற்றையும் இங்கேயே பிடித்து, பிழை இருந்தால் இங்கேயே நிறுத்திவிட வேண்டும். சுழற்சி இருக்கும் மரத்தில் மேலே நடந்து பெற்றோரைத் தேடினால் உங்கள் கம்பைலர் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டாவது சுற்றில் ஒவ்வொரு கிளாஸின் அட்ரிபியூட், மெத்தட் பட்டியல். மேலிருந்து வந்த அட்ரிபியூட்டை மறுபடி அறிவிப்பது பிழை; மெத்தடை மாற்றி எழுதலாம், ஆனால் பாராமீட்டர் டைப்களும் திரும்பும் டைப்பும் அச்சு அசலாக இருக்க வேண்டும். மூன்றாவது சுற்றில்தான் டைப் செக்கிங். இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்தவர்கள், கீழே அறிவிக்கப்போகும் அட்ரிபியூட்டை மேலே உள்ள தொடக்க மதிப்பில் பயன்படுத்தும் சரியான ப்ரோகிராமைப் பிழை என்று தள்ளிவிடுவார்கள்.

செல்ஃப்டைப் என்ற வினோதம்தான் இந்த மொழியின் ருசி. ஒரு டெஸ்ட் எழுதிப் பாருங்கள். நெல் என்று ஒரு கிளாஸ். அதில் உழு என்று ஒரு மெத்தட், திரும்பும் டைப் செல்ஃப்டைப், உடலில் செல்ஃப் மட்டும். நெல்லிலிருந்து பெறும் சம்பா என்ற கிளாஸில் நாற்றுவிடு என்று ஒரு மெத்தட். (கோடில் இந்தப் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் எழுத முடியும்.) இப்போது புதிய சம்பா ஆப்ஜெக்டில் உழு கூப்பிட்டு, அதன் விடையின்மேல் நாற்றுவிடு கூப்பிடுங்கள். அனலைசர் உழுவின் விடையை நெல் என்று சொன்னால், 'நெல்லில் நாற்றுவிடு இல்லை' என்று பிழை வரும். சரியான விடை சம்பா, ஏனென்றால் செல்ஃப்டைப் திரும்பினால் டைப் என்பது பெறுநரின் டைப். அடுத்து அதையே @நெல் போட்டு ஸ்டாட்டிக் டிஸ்பேட்சாக (நெல்லின் மெத்தடையே ஓட்டச் சொல்வது) எழுதுங்கள். அப்போதும் விடை சம்பாதான், நெல் அல்ல. மேனுவலின் விதியை அவசரமாகப் படித்தவர்கள் இங்கே சிக்குகிறார்கள். எந்தத் தனி டைப்பும் செல்ஃப்டைப்புக்குள் அடங்காது என்பதையும் ஒரு டெஸ்டாக வையுங்கள். சம்பா கிளாஸுக்குள்ளேயே, செல்ஃப்டைப் திரும்ப வேண்டிய மெத்தடில் புதிய சம்பாவைத் திருப்பினால் பிழை சொல்ல வேண்டும். சம்பாவுக்கும் நாளைக்கு ஒரு சப்கிளாஸ் வரலாம் அல்லவா.

பிழை கண்ட கோவைக்கு (எக்ஸ்பிரஷனுக்கு) ஆப்ஜெக்ட் என்ற டைப்பைக் கொடுத்து நகரச் சொல்கிறார்கள். அப்படி ஒரு முடிவு எடுக்காவிட்டால் ஒரு மடை உடைந்து வயல் முழுக்கப் பாய்வது மாதிரி ஒரே தப்புக்குப் பத்துப் பிழைச்செய்தி வரும்.

ஐந்தாவது, கோட் ஜெனரேட்டர். இதற்காகத்தான் இத்தனையும். ரன்டைம் ஆவணத்தைப் பக்கத்தில் விரித்துக்கொண்டு உட்காருங்கள். ஒவ்வொரு ஆப்ஜெக்டும் நினைவகத்தில் இப்படி இருக்கும்: 0-வது பைட்டில் கிளாஸ் டேக் (கிளாஸின் எண்), 4-ல் வேர்டு (4 பைட்) கணக்கில் அளவு, 8-ல் டிஸ்பேட்ச் டேபிளின் (மெத்தட்களின் முகவரிப் பட்டியல்) முகவரி, 12-லிருந்து அட்ரிபியூட்கள், பெற்றோருடையவை முதலில். ஆப்ஜெக்டுக்கு ஒரு வேர்டு முன்னால் கார்பேஜ் கலெக்டருக்காக (இனி தேவைப்படாத நினைவகத்தை மீட்கும் பகுதி) -1 இருக்க வேண்டும். ஸ்ட்ரிங் என்றால் 12-ல் நீளத்தைக் காட்டும் இன்ட் ஆப்ஜெக்டின் முகவரி, 16-லிருந்து எழுத்துகள், கடைசியில் சுழி பைட், பிறகு வேர்டு எல்லை வரை நிரப்பு. மேலே பார்த்த 12 பைட் 'நெல்' மாறிலிக்கு அளவு 3 + 1 + (12 + 4) / 4, அதாவது 8 வேர்டு. நான்கின் மடங்காக இல்லாத முகவரியிலிருந்து ஒரு வேர்டைப் படித்தால் ஸ்பிம் எக்செப்ஷன் 4 சொல்லும். எக்செப்ஷன் 7 வந்தால் வேறு கதை, பெரும்பாலும் வாய்டு சோதனையைத் தவறவிட்டு முகவரி 0-க்குள் கை வைத்திருப்பீர்கள்.

எல்லோரும் விழும் குழி இன்ட் கூட்டல். கூலில் இன்ட்டும் ஆப்ஜெக்ட்தான். மூட்டை என்ற அட்ரிபியூட்டில் 40 இருக்கிறது, மூட்டை + 1 என்று எழுதுகிறோம். இடப்பக்கத்தை மதிப்பிட்டு ஸ்டாக்கில் தள்ளு, வலப்பக்கத்தை ஏ0 ரிஜிஸ்டரில் (ப்ராசஸருக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) கொண்டுவா, ஆப்ஜெக்ட்.காப்பியைக் கூப்பிட்டு ஏ0-வில் உள்ளதற்கு நகல் எடு, ஸ்டாக்கிலிருந்து இடப்பக்கத்தை எடு, இரண்டின் 12-வது பைட்டிலும் உள்ள எண்களைக் கூட்டி நகலின் 12-ல் எழுது. நகல் எடுக்கும் வரியை விட்டுவிட்டால் என்ன ஆகும்? விடை எழுதப்படும் இடம், ப்ரோகிராம் முழுக்கப் பொதுவாக இருக்கும் '1' என்ற மாறிலி. முதல் தடவை 41 என்று சரியாக அச்சாகும். அதே கோவையை மறுபடி மதிப்பிட்டால் 81. அடுத்து 121. மூட்டை 40-லேயே இருக்கும், மாறிப்போனது 1. முதல் விடை சரியாக வந்துவிடுவதால் சின்ன டெஸ்டில் இது அகப்படாது, லூப் உள்ள டெஸ்ட் வேண்டும்.

இடப்பக்க விடையை ஸ்டாக்கில் வைக்காமல் டி1 ரிஜிஸ்டரில் வைத்துக்கொள்ளும் சோம்பேறித்தனமும் இதே ரகம். வலப்பக்கம் வெறும் எண்ணாக இருக்கும்வரை ஓடும்; அங்கே இன்னொரு கூட்டலோ மெத்தட் கூப்பிடலோ வந்தால் டி1 போச்சு.

டிஸ்பேட்ச் டேபிளில் பெற்றோரின் மெத்தட்கள் அதே வரிசையில், அதே இடத்தில். நெல்லின் டேபிளில் அபார்ட், டைப்நேம், காப்பி மூன்றும் 0, 4, 8-ல். உழு 12-ல், அறுவடை 16-ல். சம்பா அறுவடையை மாற்றி எழுதினால் சம்பாவின் டேபிளில் 16-ல் சம்பா.அறுவடை என்ற லேபிள் உட்காரும், புதிய நாற்றுவிடு 20-க்குப் போகும். கூப்பிடும் கோட் 16 என்ற எண்ணை மட்டும் அறியும், உள்ளே யார் என்று அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். இந்த வரிசை குலைந்திருக்கிறதா என்று பார்க்க, நெல் என்று அறிவித்த மாறியில் சம்பாவை வைத்துக் கூப்பிடுங்கள். சம்பா மாறியில் சம்பாவை வைத்துச் சோதித்தால் தப்பான டேபிளும் தேறிவிடும். இன்னொன்று: கூலில் ஆர்கியுமென்ட்களை முதலில் மதிப்பிட வேண்டும், பெறுநரைக் கடைசியில். ஜாவா பழக்கத்தில் தலைகீழாக எழுதுபவர்கள் அதிகம். பெறுநர் வாய்டு என்றால் ஏ0-வில் ஃபைல் பெயரையும் டி1-ல் வரி எண்ணையும் வைத்துவிட்டுப் பிழை ரொட்டீனுக்குத் தாவ வேண்டும்.

ஆப்ஜெக்டின் கிளாஸைப் பார்த்துக் கிளை பிரியும் கேஸ் கோவைக்கு ஒரு நேர்த்தியான வழி உண்டு. கிளாஸ் டேக்குகளை மரத்தின் ஆழம்-முதல் வரிசையில் கொடுங்கள். நெல் 5, குறுவை 6, சம்பா 7, சம்பாவின் சப்கிளாஸ் சீரகச்சம்பா 8, தாளடி 9 என்று வந்தால், 'சம்பா வகையா' என்ற கேள்வி டேக் 7-லிருந்து 8-க்குள் இருக்கிறதா என்ற இரண்டு ஒப்பீடாகச் சுருங்கும். கிளைகளைப் பெரிய டேக்கிலிருந்து சிறியதாகச் சோதிக்க வேண்டும். எழுதிய வரிசையில் சோதித்தால், நெல் கிளை முதலில் எழுதப்பட்டிருக்கும்போது சீரகச்சம்பா அதிலேயே விழுந்துவிடும். அருகிலுள்ள மூதாதைதான் ஜெயிக்க வேண்டும் என்பது விதி.

ஜெனரேஷனல் கார்பேஜ் கலெக்டரோடும் கோட் ஒத்துப்போக வேண்டும் என்று அசைன்மென்ட் எதிர்பார்க்கிறது. அதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். அட்ரிபியூட்டில் எழுதும்போதெல்லாம் கலெக்டருக்குத் தகவல் சொல்லும் ரொட்டீனைக் கூப்பிட வேண்டும், அந்த ஒரு வரியை முதலிலிருந்தே எழுதிப் பழகினால் போதும். கலெக்டரை அடிக்கடி ஓடவிடும் ஆப்ஷனைப் போட்டு எல்லா டெஸ்டையும் ஒருமுறை ஓட்டுங்கள். ஸ்பிம்மையும் அவர்கள் கொடுத்த ரன்டைம் ஃபைலோடுதான் ஓட்ட வேண்டும். க்யூடிஸ்பிம் அல்லது மார்ஸ் போன்ற வேறு மிப்ஸ் சிமுலேட்டரில் நேராகத் திறந்தால் ஆப்ஜெக்ட்.காப்பி எங்கே என்று கேட்கும்.

இந்தக் கோர்ஸின் அமைப்பில் மிகப் பாராட்ட வேண்டியது, கடைசியில் எல்லாம் ஒன்றாகக் கோக்கப்பட்டாலும் ஒவ்வொரு கட்டத்தையும் தனியாகச் சோதிக்க முடியும் என்பது. உங்கள் பார்சர் அரைகுறையாக இருந்தாலும், அவர்களுடைய லெக்சரையும் பார்சரையும் முன்னால் போட்டு உங்கள் அனலைசரை மட்டும் சோதிக்கலாம். இரண்டு பேர் குழுவுக்கு இது வரம். ஒருவர் மூன்றாவதில் இருக்கும்போதே மற்றவர் நாலாவதைத் தொடங்கலாம். மூன்று, நான்கு பேர் குழு வேண்டாம், ஒருவர் எழுத மற்றவர்கள் பெயர் போடுவதில்தான் முடியும். லெக்சரையும் பார்சரையும் சோதிக்க அவர்களுடைய வெளியீட்டோடு டிஃப் (வரிக்கு வரி ஒப்பீடு) எடுங்கள். கோட் ஜெனரேட்டருக்கு அசெம்பிளியை டிஃப் எடுப்பது வீண், ப்ரோகிராம் அச்சிடும் விடைகளை ஒப்பிடுங்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. ரிஜிஸ்டர் ஒதுக்கீடு, டேட்டாஃப்ளோ போன்ற வேகம் கூட்டும் உத்திகள் எல்லாம் வீடியோவில் உண்டு, ஆனால் ஐந்து அசைன்மென்ட்களில் எழுத வேண்டியதில்லை. நீங்கள் எழுதும் கம்பைலர் எல்லாவற்றையும் ஸ்டாக்கில் தள்ளி எடுக்கும் மந்தமான கோட் மட்டுமே தரும். இன்டர்ஃபேஸ், ஜெனரிக்ஸ், எக்செப்ஷன் எதுவும் மொழியில் இல்லை. பாடம் ஆங்கிலத்தில், தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்களுக்கு வீடியோவைவிட மேனுவலே சுலபம், விதிகளில் பாதி குறியீடுகள்தானே. விடைகள் கிட்ஹப்பில் கொட்டிக் கிடப்பதும் ஒரு குறைதான், கோர்ஸின் தப்பு இல்லை என்றாலும். எடுத்து ஒட்டினால் மார்க் ஸ்கிரிப்ட் முழு மார்க் போடும். வைவாவிலோ இன்டர்வியூவிலோ 'நகல் எடுக்கும் வரியை அழித்தால் என்ன அச்சாகும்?' என்று ஒரே கேள்வி போதும், ஒட்டியது தெரிந்துவிடும்.

சி++, ஜாவா இரண்டு வழியும் உண்டு. பாயின்டரில் தடுமாறுபவர் ஜாவாவை எடுக்கலாம். மற்றவர்களுக்கு சி++, துணைக் கோடைப் படிப்பதே தனிப் பயிற்சி.

காலக் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டி, செமஸ்டர் சூடுபிடிப்பதற்குள், சாஃப்ட்வேரை நிறுவி முதல் அசைன்மென்ட்டை முடியுங்கள். லெக்சருக்கும் பார்சருக்கும் இரண்டிரண்டு வாரம், அனலைசருக்கு நான்கு, கோட் ஜெனரேட்டருக்கு ஐந்து. செப்டம்பர் கடைசிக்குள் அசெம்பிளி வர ஆரம்பித்திருக்க வேண்டும். அதைத் தாண்டினால் வடகிழக்குப் பருவமழை, மழை லீவு, போகிற கரண்ட், அதற்குமேல் செமஸ்டர் எக்ஸாம் எல்லாம் ஒன்றாக வரும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் விர்ச்சுவல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் டிஸ்க் ஃபைல் கெட்டுப்போகலாம். கோட் ஃபைல்களை மெஷினுக்குள் மட்டும் வைக்காமல் தினமும் கிட் (Git) மூலம் வெளியே தள்ளி வையுங்கள்.

காசு விஷயம்: ஆடிட் முறையில் (சான்றிதழ் இல்லாமல் படிப்பது) இலவசம், சான்றிதழுக்கு மட்டும் கட்டணம். ஆடிட்டுக்குக் காலவரம்பு உண்டு என்பதால் சேர்ந்த அன்றே மேனுவல், ரன்டைம் ஆவணம், அசைன்மென்ட் கையேடுகள் எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழுக்குப் பணம் கட்டத் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. ஓடுகிற கம்பைலரே சான்று.

மாற்றாக என்ன இருக்கிறது என்றால், பெர்க்லியின் சோக்கோபை. டைப் குறிப்புகள் உள்ள பைத்தானின் ஒரு சிறு பகுதி, இலக்கு ரிஸ்க்-ஃபைவ் ப்ராசஸர், அசைன்மென்ட் மூன்றுதான், எழுதுவது ஜாவாவில். பைத்தான் மட்டும் தெரிந்தவருக்கு மொழி உடனே பிடிபடும், 32-பிட் பைனரித் தொல்லையும் இல்லை, ஆனால் செல்ஃப்டைப் போன்ற கடினமான டைப் விதி அதில் கிடையாது. ரிஜிஸ்டர் ஒதுக்கீட்டைக் கையால் எழுதியே தீரவேண்டும் என்பவர்கள், கூலை முடித்த பிறகு, லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மினிஜாவா (ஜாவாவின் ஒரு சிறு பகுதி) ப்ராஜெக்டின் பழைய வடிவத்தைப் பார்க்கலாம். அதில் மினிஜாவாவை பிக்லெட், ஸ்பிக்லெட், காங்கா என்ற இடைநிலை மொழிகளாகப் படிப்படியாக இறக்கி மிப்ஸுக்குக் கொண்டுபோனார்கள். ஸ்பிக்லெட்டிலிருந்து காங்காவுக்கு இறங்கும் படியில்தான் ரிஜிஸ்டர் ஒதுக்கும் வேலை இருந்தது.